நோயாளி வெளியே இருக்கட்டும்

மகனே,

பதினெட்டு நாளாக உன்னிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நீ பயம் என்று எடுத்துக்கொண்டாய். உன் மாமனார் பக்குவம் என்று எடுத்துக்கொண்டார். உன் அம்மா வழக்கமான கோபம் என்றாள். மூன்று பேரில் அவள் சொன்னதுதான் சரி. இனியும் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "டென்ஷன் ஆவாதீங்கப்பா, பிபி ஏறிடும், அம்மாகிட்ட குடுங்க" என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் போடு, நான் சொல்லவில்லை என்று மட்டும் நாளைக்கு நீ சொல்ல முடியாது.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த முடிவு வந்த அன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நர்ஸ் கதவைத் திறந்து, "அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க, பேஷண்ட் வெளிய இருக்கட்டும்" என்றாள். நோயாளியோடு வந்தவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நீ எழுந்தாய். நானும் எழுந்தேன். நீ உள்ளங்கையைக் காட்டி, "இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் உட்கார்ந்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவன். முப்பது வருடத்தில் ஒரு மாட்டின் நோயை மாட்டிடம் சொன்னதில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அறுக்கலாமா, ஊசி போட்டுப் பார்க்கலாமா, சந்தைக்கு அனுப்பிவிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது பக்கத்தில் நின்று அசைபோடும். அன்று இருபத்தைந்து நிமிடம் நான் அந்த நிலையில் இருந்தேன். வெளியே வந்த நீ, "சின்ன கட்டிதான்பா, எடுத்துட்டா முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத காபி வாங்கித் தந்தாய். என்ன கட்டி என்று கேட்டேன். "யூரின் தொல்ல இருக்குல்ல, அதோட கட்டி" என்றாய். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் அத்தனை வருடம் படித்தேன். கேட்கவில்லை. அது என் கோழைத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கோழைத்தனம் உனக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

இரண்டு நாள் கழித்து எலவனாசூர்கோட்டையில் அஞ்சலை என்ற அம்மாவின் கொட்டகையில் பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்வரை உறை போட்ட கை பசுவுக்குள் இருக்கிறது. சட்டைப் பையில் போன் அடிக்கிறது. கால்நடை மருந்தகத்திலிருந்து அவசரமோ என்று அஞ்சலையை எடுத்து அமுக்கச் சொன்னேன். அவள் எதை அமுக்கினாளோ, கொட்டகை முழுக்கக் கேட்டது உன் மாமனாரின் குரல். "சம்பந்தி, மனச மட்டும் வுட்ராதீங்க. புராஸ்டேட் கேன்சர்லாம் இப்ப ஒரு வியாதியே இல்லீங்க. மாப்ள அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம ஆபரேஷனுக்கு தேதி வாங்கிட்டாரு. ரோபோதான் பண்ணுதாம், மனுசன் கைகூட படாதாம்." அவர் இன்னும் கொஞ்சம் தைரியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அஞ்சலை பசுவின் தலைப்பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னா டாக்டரே, செனையா இல்லியா?" என்றாள். சினைதான் என்றேன். "அப்ப கைய எடுங்க, எவ்ளோ நேரம் வெச்சிக்கினு நிப்பீங்க" என்றாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது குரலைத் தாழ்த்தி, "கேன்சருன்னாரே, உங்களுக்கா?" என்று கேட்டாள். அப்படித்தான் தெரிகிறது என்றேன். "அடக் கடவுளே, வூட்ல சொல்லலியா உங்ககிட்ட?" என்றாள். என் உடம்பில் என்ன இருக்கிறது என்று என் சம்பந்திக்கு என்னை முந்தித் தெரிந்திருந்தது. நானும் அஞ்சலையும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

மனத்தில் போட்டு வைத்திருப்பது என் பழக்கம் என்று நீ சொல்வாய். உண்மைதான். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஐந்து வருடம் இளையவனுக்குப் போனதை இன்னும் வைத்திருக்கிறேன். உன் கல்யாணத்தில் என்னைக் கேட்காமல் மேடையில் என் நாற்காலியை நகர்த்தியதையும் வைத்திருக்கிறேன். இதை வைத்திருக்க முடியாது, ஏனென்றால் இதற்குத் தேதி குறித்திருக்கிறது. அதனால் அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல், கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலைப் பஸ் ஏறி அதே மருத்துவமனைக்குப் போனேன். நர்ஸ் "அட்டெண்டர் யாரு?" என்றாள். "நான்தான்" என்றேன். "பேஷண்ட்?" "அதுவும் நான்தான்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே விட்டாள்.

அந்த மருத்துவர் நல்லவர். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை என்றார். இரண்டு வழி இருக்கிறது, என்னைப் போன்றவருக்கு இரண்டிலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். அறுவை என்றால் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவார்கள். சில நாள் படுக்கை, ஒன்றிரண்டு வாரம் குழாய், பிறகு சில மாதம் சிறுநீர் கசியும், சிலருக்கு அது நிற்காமலே போகலாம். பக்கத்தில் ஓடும் நரம்புகள் பட்டுவிட்டால் ஆண்மை போகும். கதிர்வீச்சு என்றால் கத்தி இல்லை, படுக்கை இல்லை. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம் தினமும் வந்து, மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு மெஷினுக்குக் கீழே படுக்க வேண்டும். கூடவே சில மாதம் ஹார்மோன் ஊசி. அந்த ஊசியால் சோர்வு வரும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். குடல் எரிச்சல் உண்டு, சிலருக்குச் சில வருடம் கழித்து ரத்தம் போகலாம். ஆண்மை அதிலும் குறையும், கொஞ்சம் மெதுவாக. அறுத்த பிறகு நோய் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்க முடியும். கதிர்வீச்சுக்குப் பிறகு திரும்பினால் அறுப்பது மிகக் கடினம். அவரே என்னைக் கதிர்வீச்சு மருத்துவரிடமும் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு தாளில் படம் வரைந்து இன்னொரு முறை எல்லாவற்றையும் சொன்னார். திரும்பி வந்து, "இதையெல்லாம் என் மகனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். "ரெண்டையும் சொன்னேனே சார். மறுநாளே போன் பண்ணி, வீட்ல பேசிட்டோம், அப்பாவுக்கும் ஆபரேஷன்தான் இஷ்டம்னு சொன்னாரே" என்றார். என் இஷ்டம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஏழு வாரம் என்ற சொல் மட்டும் தலைக்குள் ஓடியது. ஏழு வாரம் தினமும் மருத்துவமனை என்றால் நான் எங்கே தங்கியிருப்பேன்? சென்னையில் உன் வீட்டில். அறுவை என்றால் பத்து நாளில் ஊருக்கு அனுப்பிவிடலாம். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு விழுப்புரம் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெள்ளிமலைக்குப் போனேன். ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தவன் நான், தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மலைப்பாதையில் மூத்திரத்துக்காகப் பஸ்ஸை இரண்டு முறை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இரண்டாம் முறை கண்டக்டர், "இன்னா சார், கொண்ட ஊசிக்கு ஒரு எடமா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. சடையன் என்ற விவசாயிக்கு இதே வியாதி வந்து சேலத்தில் அறுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மரவள்ளிக் கொல்லையில் இருந்தான். "டாக்டரே, அறுத்து ரெண்டு வருசம் ஆச்சி, இன்னும் உசுரோடதான் கீறன்" என்றான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தும்முனா ஒரு சொட்டு. மூட்ட தூக்குனா நாலு சொட்டு. சிரிச்சா அளவே இல்ல. அதான் சிரிக்கறத கம்மி பண்ணிக்கினேன். உங்களுக்கு அந்தக் கவல இல்ல. இங்க இருந்த ஏழு வருசத்துல நீங்க சிரிச்சி யாரு பாத்தா?" களை பறித்துக்கொண்டிருந்த அவன் பெண்சாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்ற விஷயம் எப்படி என்று கேட்டேன். "மத்ததா? எங்க செவலக் காளைக்குக் காயடிக்க இடுக்கி போட்டு நசுக்கிவுட்டீங்களே, அதுக்கு இன்னா ஆச்சோ அதான் எனக்கும். அது அதுக்கப்புறம் நல்லாத்தான் ஏர் ஓட்டுச்சி" என்றான். யார் முடிவு செய்தது என்று கேட்டேன். கேள்வி அவனுக்குப் புரியவில்லை. "யாரு பண்ணுவா? நான்தான். பையன் ரேடியேசன் கரண்டு வைக்கலாம்னான். அத்தினி நாளு மல எறங்கி சேலத்துல குந்திக்கினு இருந்தா சாமைய யாரு அறுக்கறது? என்னிய அறுத்துடுங்கன்னுட்டேன்." பள்ளிக்கூடப் பக்கம் போகாத சடையனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொல்லியிருக்கிறான். நான் அவனிடம் விடைபெறாமலே வந்துவிட்டேன் என்று பாதி மலை இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உன் குற்றப் பத்திரிகையை வாசித்தேன் என்று வைத்துக்கொள். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கே சொன்னான். அப்பாகிட்ட சொல்லாதம்மா, ஒடஞ்சி பூடுவாருன்னான்." ஏழு வாரமும் தெரியுமா என்றேன். "தெரியும். ரெண்டு ரூமு. மருமவ வூட்லருந்தே வேல பாக்குது. எப்டிம்மா முடியும்னான். நான்தான் சரிடா, ஆபரேஷனே பண்ணிடுன்னேன்." ஒரு மனிதனின் உடம்பை அவனைக் கேட்காமல் இவர்களாகப் பேசி முடிப்பதா என்று கத்தினேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

"என்னிய கேட்டீங்களா?" என்றாள்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், விட்டால் இந்தக் கடிதத்தில் பாதி பொய். அப்போது உன் அம்மாவுக்கு முப்பத்துநான்கு வயது, நீ மூன்றாம் வகுப்பு. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அவளுக்கு உதிரம் போனது. நான் வெள்ளிமலையில் வேலை, சனிக்கிழமைதான் இறங்கி வருவேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சோதித்துவிட்டு அவளை வெளியே உட்காரச் சொல்லி, என்னிடம் பேசினார். ஆறு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், மாதாமாதம் கூட்டி வர வேண்டும். அல்லது கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். மாதாமாதம் லீவு போட்டு மலை இறங்க வேண்டுமே என்று நான் யோசித்தேன். அவ்வளவுதான் நான் யோசித்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை என்றார். அதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மாடுகளின் சினைப்பை என்ன வேலை செய்கிறது என்று பரீட்சையில் எழுதித் தங்கப் பதக்கம் வாங்கியவன் நான். வெளியே வந்து அவளிடம், "சின்ன கட்டிதான், எடுத்துட்டா முடிஞ்சிது" என்றேன்.

முடியவில்லை. அடுத்த மாதமே அவள் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. மார்கழியில் விசிறிக்குக் கீழே ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அம்மாவுக்குச் சூட்டு உடம்பு என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். சினைப்பை இல்லாமல் எலும்பு மெலிந்து, நாற்பத்தைந்து வயதில் குக்கரைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. உன் சித்திக்கு அதே தொல்லை வந்தபோது அதே மருத்துவர் மாத்திரை கொடுத்தார், அவளுக்குச் சரியாகிவிட்டது. அன்றைக்குத்தான் இன்னொரு வழி இருந்தது என்று உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து இத்தனை வருடம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனத்தில் வைத்திருப்பதில் நான்தான் கெட்டிக்காரன் என்று எண்ணியிருந்தேன்.

"அவன் சொன்னதும் நீங்க சொன்னதேதான், ஒரு வார்த்த மாறல" என்றாள். "வேற யார்கிட்ட கத்துக்கினு வந்தான்?" சரி, இப்போது நீயே சொல், எதைச் செய்துகொள்ளட்டும் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் கேட்ட பெரிய கேள்வி அதுதான். "நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "எனக்கு நீங்க முடிவு பண்ணீங்க. உங்களுக்கு நான் பண்ண மாட்டேன். உங்க ஒடம்பு, நீங்க பாருங்க. எது பண்ணாலும் கூட வந்து இருக்கறேன், அது வேற." கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் பட்டது உனக்குத் தெரியாது. உன்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது. முடிவு செய்வது சுலபமாக இல்லை. களமருதூரில் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டே, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு முறை மனம் மாறினேன். யாராவது வந்து இதுதான் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினேன். நீ முடிவு செய்து வைத்திருந்தாய் என்பதையே மறந்து ஏங்கினேன். ஹார்மோன் ஊசி போட்டு அவள் பட்ட கொதிப்பை நானும் படுவதுதான் நியாயம் என்றுகூட ஒரு மத்தியானம் தோன்றியது. பரிகாரத்துக்காக வைத்தியம் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நீ கத்தி என்று சொன்னாய் என்பதற்காகவே கதிர்வீச்சுக்குப் போகலாம் என்றும் தோன்றியது. அந்த எண்ணம் போவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அறுவைதான் செய்துகொள்ளப்போகிறேன். சுரப்பி வெளியே வந்து, வெட்டிப் பார்த்து, எதுவரை பரவியிருந்தது என்று கண்ணால் கண்டு சொல்வது என் தொழிலுக்குப் பழகிய வழி. திரும்பி வந்தால் இன்னொரு கதவு திறந்திருக்கும் என்பதும் எனக்கு முக்கியம். கசிவு எனக்குக் கேவலமாகத்தான் இருக்கும். மற்றதைப் பற்றி உன்னிடம் எழுத மாட்டேன். அதை உன் அம்மாவிடம் பேசினேன், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக. நீ குறித்ததையே நானும் தேர்ந்துகொண்டதில் உனக்கு வெற்றி என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொன்னது தப்பு என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. நீ என்னிடம் சொல்லவே இல்லை. உன் வெள்ளிக்கிழமையை ரத்து செய்துவிட்டேன். தடுப்பூசி முகாம் முடிந்ததும் வேறு தேதி வாங்கியிருக்கிறேன். அந்தத் தாமதத்தால் கெடுதல் இல்லை என்று மருத்துவரே சொன்னார். தேதியை உன் அம்மா சொல்வாள். மருத்துவர் பேசும்போது அறைக்குள் நானும் அவளும் இருப்போம். நீ வந்தால் வா. அறை கொள்ளும்.

உனக்கு இனி புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லாதவன் சொல்வது என்றே வைத்துக்கொள். நாளைக்கு உன் மனைவியை ஒரு மருத்துவர் வெளியே உட்காரச் சொன்னால், நீயும் எழுந்து அவளோடு வெளியே வந்துவிடு. அவளுடைய உடம்பைப் பற்றி அவள் இல்லாத அறையில் ஒரு வாக்கியம்கூடக் கேட்காதே. அவள் பயந்தால் பயப்படட்டும், அழுதால் அழட்டும். உடைந்து போவாள் என்று நீ நினைப்பது பெரும்பாலும் உன் வசதிக்காகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்தது என்று உன் இரண்டு ரூம் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. உன் அம்மா என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

இத்தோடு முடிக்கிறேன். கடிதத்தின் கடைசியில் "அன்புள்ள அப்பா" என்று எழுத வேண்டும். முதல் சொல்லை எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. இன்றைக்கு அது உண்மை இல்லை, இல்லாததை எழுதி அனுப்பினால் நானும் உன்னிடம் மறைத்தவன் ஆவேன். இரண்டாவது சொல்லை மட்டும் தனியாகப் போட்டால் அதிகாரம் செய்வது போல் இருக்கிறது. அந்த அதிகாரத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே அந்த இடத்தை வெறுமனே விட்டு, உறையை ஒட்டி, காலையில் மருந்தகத்துக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கப்போகிறேன்.